அவர் முழுகினால்தான் படகுக்கு வழி

காவல்துறையின் இணையக் கண்காணிப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே,

உங்கள் மேசைக்கு ஒரு வீடியோ வரும். அதில் ஒருவர் சாகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். "இன்னுமா நீக்கலை? ஊரே பார்த்துட்டு இருக்குது" என்று மேலே இருந்து ஒரு குரல் வரும். அந்த நேரத்தைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எந்த நோட்டீஸை எந்த நடையில் எழுதுவது, யாரிடம் கையெழுத்து வாங்குவது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். நான் பத்தாவது படித்தவன். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றேன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மகள் சொல்லிக் கொடுத்ததுதான். அதனால் அதில் எல்லாம் தலையிட மாட்டேன். ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின மழைக்காலம். பழவேற்காடு ஏரிக்கரையை ஒட்டிய ஒரு ஸ்டேஷனில் இருந்தேன். சொந்த ஊர் காட்டூர். நெல்லு விளைகிற ஊர். கடல் எனக்குப் பார்க்க மட்டும்தான் பழக்கம்.

அந்தப் பக்கத்துக் குப்பங்களில் எல்லோரும் காலையில் எழுந்ததும் போனில் ஒரு சமூக வலைத்தளப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார்கள். அதற்குப் பெயர் 'வழி இருக்குதா'. ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரம் வழியாகத்தான் பைபர் படகுகள் கடலுக்குப் போக வேண்டும், வர வேண்டும். அங்கே மணல் ஓரிடத்தில் நிற்காது. நேற்று ஆழமாக இருந்த இடம் இன்றைக்குத் திட்டாகிவிடும். தெரியாமல் வந்த படகு மணலில் தட்டி நின்றால், பின்னால் வருகிற அலை அதைக் குடம் மாதிரி கவிழ்த்துவிடும்.

அந்தப் பக்கத்தை நடத்தியவள் பவானி. ஏலத்தில் மீன் எடுத்துச் சந்தையில் விற்கிறவள். அவள் புருஷன் தேசப்பன் தினமும் முகத்துவாரத்தில் இறங்கி, குறுக்கே நடந்து காட்டுவார். பவானி மணல்மேட்டில் நின்று படம் பிடிப்பாள். தேசப்பன் என்ன உசரம் என்பது ஆரம்பாக்கம் முதல் சுண்ணாம்புக்குளம் வரை தொழில் செய்கிற எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் அவருக்கு முட்டி அளவு என்றால் படகு தட்டும். மார்பளவு என்றால் பார்த்து வரலாம். கால் எட்டாத இடம் வந்துவிட்டால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, அப்படியே உள்ளே போய்விடுவார். விரல் நுனிகூடத் தெரியாது. அதுதான் நல்ல சேதி. அவர் எவ்வளவு முழுகுகிறாரோ அவ்வளவு பத்திரமாகப் படகு வரும்.

இதற்கு எதற்குத் தனியாக ஒரு பக்கம், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒருமுறை யாரோ அனுப்பிய பழைய வீடியோவை இன்றைய வீடியோ என்று நம்பி வந்த படகு கவிழ்ந்து, ஒருவருக்குக் கால் ஒடிந்து போனதாம். அதற்குப் பிறகு குப்பங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. பவானியின் பக்கத்தில் அன்றைய தேதியோடு வந்தால் நம்பு. கைமாறி வருவதை நம்பாதே.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

காலையில் குளித்து, நீறு பூசி, சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன். போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் ஐயா.

"என்னய்யா, வீடியோ பார்த்தியா?"

"எந்த வீடியோ ஐயா?"

"ஊரே பார்த்துடுச்சு, நீ எந்த வீடியோனு கேக்கற. உன் பீட்ல ஒருத்தன் தண்ணில முழுகிச் சாகறான். பொண்டாட்டி நின்னு சிரிச்சிக்கிட்டே படம் எடுக்கறா. டிவி வரைக்கும் போயிடுச்சு."

அனுப்பினார். பார்த்தேன். தேசப்பன் கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார். பவானியின் குரல் சிரிப்போடு கேட்கிறது: "யோவ், தலை தெரியுதுய்யா! நல்லா முழுவு! இன்னும் முழுவு!" அந்த இடத்தோடு வீடியோ வெட்டப்பட்டிருக்கிறது. அதன்மேல் கொட்டை எழுத்தில், 'கட்டின புருஷன் சாவதை ரசித்த மனைவி' என்று எவனோ எழுதியிருக்கிறான்.

அவர்கள் வழக்கம் எனக்குத் தெரியும் என்றாலும் அந்த வீடியோவைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நேற்று நிஜமாகவே போய்விட்டாரோ? அப்படித்தான் வெட்டியிருந்தான் பாவி.

"அந்தப் பொம்பளைய ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வா. வீடியோவ நீக்கச் சொல்லி மதியத்துக்குள்ள ரிப்போர்ட் வேணும்" என்றார் ஐயா.

பெண் காவலர் ரேவதியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். குப்பத்தில் நுழையும்போதே ஒரு மாதிரி அமைதி. பவானி வீட்டு வாசலில் செருப்பு நிறைய கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கருவாட்டைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"தேசப்பன்?"

"நான்தான் சார்."

"உசுரோடவா இருக்கீங்க?"

"இப்ப வரைக்கும் இருக்கேன். காலைல இருந்து துக்கம் கேக்க ஆளு வந்துகினே இருக்குது சார். ஆரம்பாக்கத்துல இருந்து ஒருத்தரு மாலையோட வந்துட்டாரு. வாங்கின மாலைய இன்னா பண்றதுனு கேட்டாரு. சாமி படத்துக்குப் போட்டுட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். மாதா படத்துக்குப் பெரிய சம்பங்கி மாலை போட்டிருந்தது. ரேவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் மூச்சு வந்தது.

பவானி மட்டும் சிரிக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து போனை நீட்டினாள். 'உங்கள் பக்கம் முடக்கப்பட்டது. ஆபத்தான செயலை ஊக்குவிக்கும் உள்ளடக்கம்' என்று இருந்தது. ஊர் ஊராக ஜனங்கள் புகார் செய்திருக்கிறார்கள். வலைத்தளக் கம்பெனி பக்கத்தையே மூடிவிட்டது.

"என்ன கொலகாரினு சொல்றாங்க சார். சொல்லிட்டுப் போவட்டும். இன்னிக்கு வீடியோ போவல சார். அதான் எனக்குப் பேஜாரா இருக்குது."

"ஒரு நாள் போகலைன்னா என்னம்மா?"

தேசப்பன் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அதுவரை இருந்த கேலி அவர் முகத்தில் இல்லை.

"நேத்து நான் முழுவிக் காட்டுனது தெக்கால சார். அதைப் பார்த்துட்டுத்தான் படகுங்க போச்சு. ராவெல்லாம் வாடைக்காத்து. காலைல போய்ப் பார்த்தேன், தெக்கால மண்ணு மேடு கட்டிக்கிச்சு. அலை அங்கதான் உடையுது. வழி வடக்கால மாறிடுச்சு. அதை இவ படம் எடுத்தா. போடறதுக்குள்ள பக்கத்த மூடிட்டானுங்க. போன படகெல்லாம் இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள திரும்பணும். அவங்களுக்குத் தெரிஞ்ச வழி தெக்கு வழிதான்."

"என் தம்பி சேகரு அதுல இருக்கறான் சார்" என்றாள் பவானி.

பிள்ளைகளே, அதுவரை என் கையில் இருந்தது ஒரு வீடியோ விவகாரம். அந்தப் பேச்சுக்குப் பிறகு என் கையில் இருந்தது கடலில் இருக்கிற படகுகள்.

வெளியே வந்து இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குப் போன் போட்டேன். "ஐயா, ஆள் உயிரோட இருக்காரு. கஞ்சி குடிக்கறாரு."

"அப்பாடா, நல்லதாப் போச்சு. அந்தப் பொம்பளைய விட்டுடு" என்றார். அவரும் பிள்ளை குட்டிக்காரர். "ஆனா ரிப்போர்ட் வேணும்யா. மேலே இருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. 'பொதுமக்களிடையே பதற்றம், சம்பந்தப்பட்ட காட்சிகள் முழுவதையும் நீக்கலாம்'னு ரெண்டு வரி எழுது. பெரிய ஐயா கையெழுத்தோட கம்பெனிக்கு நோட்டீஸ் போயிடும். சத்தம் அடங்கிடும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எழுதிக் கொடுத்திருந்தால் என்னை ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதுதான் பயம். தப்பான காரியம் எப்போதும் முறைத்துக்கொண்டு வராது. சில நேரம் இரண்டு வரியில் அடங்கிப் போகிற மாதிரி வரும்.

என்னவோ மனசு ஒப்பவில்லை. மாவட்ட சைபர் பிரிவில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் இருந்தார். வயதில் என் மகள் மாதிரி. என் சர்வீஸில் எனக்கு வாய்த்த வாத்தியார் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன். அவருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"சார், ஒண்ணு யோசிச்சீங்களா?" என்றார். "'காட்சிகள் முழுவதையும்'னு எழுதினா வெட்டின வீடியோ மட்டும் போகாது. முடங்கிக் கிடக்கற பக்கத்துல அந்தம்மா போட்ட முழு வீடியோவும் சேர்ந்து அடியோட போயிடும். அதுலதானே அவர் எழுந்து வர்றாரு? நாளைக்கு அவங்க மேல தப்பில்லைனு காட்ட, தேதியோட இருக்கறதே அது ஒண்ணுதான்."

"அப்ப அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி நாம ஒரு நோட்டீஸ் அனுப்பலாமாம்மா?"

"எடுன்னு சொல்றதுக்குச் சட்டத்துல நமக்கு வழி வச்சிருக்காங்க சார். திரும்ப வைன்னு சொல்றதுக்கு வைக்கலை. அது அந்தம்மா கேட்டு வாங்க வேண்டிய உரிமை. ஏன் மூடினீங்கன்னு கேட்கலாம். மறுபடி பாருங்கன்னு கேட்கலாம். கம்பெனியில குறை கேட்க ஒரு அதிகாரி இருக்கணும், அவருக்கு எழுதலாம். அங்கயும் ஆகலைன்னா அரசாங்கம் வச்சிருக்கற மேல்முறையீட்டுக் குழு இருக்குது."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நேரமா? நாள் கணக்கு சார்."

"படகு சாயங்காலம் வந்துடும்மா."

அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "ஒண்ணை நீக்கறதுக்கு முன்னாடி, இதை நம்பி யாரு காத்திருக்காங்கன்னு கேட்கணும் சார். அந்தக் கேள்விக்கு எந்தப் படிவத்துலயும் இடம் கிடையாது. 'ஆள் உயிருடன் இருக்கிறார், குற்றம் எதுவும் இல்லை'னு நான் கம்பெனிக்கு இப்பவே எழுதறேன். கேட்பாங்களானு சொல்ல முடியாது. அந்தம்மாவையும் முறையீடு போடச் சொல்லுங்க. படகு விஷயத்தை நீங்க பாருங்க."

ரேவதி உட்கார்ந்து பவானியின் போனில் முறையீட்டைத் தட்டினாள். 'என் புருஷன் சாகவில்லை. ஆழம் காட்டினார். எங்கள் ஆட்கள் கடலில் இருக்கிறார்கள். தயவு செய்து திறக்கவும்.' அவ்வளவுதான். 'பரிசீலிக்கிறோம்' என்று உடனே ஒரு பதில் வந்தது. அது மனிதன் எழுதியது இல்லை என்று ரேவதி சொன்னாள்.

மரைன் போலீஸுக்கும் சொன்னேன். அவர்கள் படகு தூரத்தில் இருந்தது. கிளம்புகிறோம், வந்து சேர நேரமாகும் என்றார்கள்.

அந்த நேரத்தில் பவானியின் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. அவள் தம்பி சேகர். காற்று இரைச்சலோடு அழுகைக் குரல்.

"யக்கா... மாமா போயிட்டாராமேக்கா... இப்பதான் சிக்னல் வந்துச்சு, வீடியோ பார்த்தோம். நீ அழுவாதக்கா. மாமா முழுவுன அதே எடத்துக்குத்தான் எல்லா படகும் வர்றோம். தேடி எடுக்காம வீட்டுக்கு வர மாட்டோம்."

பவானி உடனே அவனுக்குப் போன் போட்டாள். அணைந்திருந்தது. மறுபடி போட்டாள். சார்ஜ் போய்விட்டது போல.

தேசப்பன் தன் பிணத்தைத் தேடிப் படகுகள் வருகிற செய்தியைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றார். "அந்த எடத்துலதான் சார் அலை உடையுது" என்று மட்டும் சொன்னார்.

அவருடைய சின்னப் படகில் ஏறி முகத்துவாரத்துக்குப் போனோம். ரேவதி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். மணல்மேட்டில் இறங்கிப் பார்த்தேன். தெற்கே, நேற்று அவர் முழுகின இடத்தில், தண்ணீர் வெள்ளை வெள்ளையாகப் பொங்கி விழுந்தது. வடக்கே கறுத்து, சத்தமில்லாமல் ஓடியது. எனக்கே வித்தியாசம் தெரிந்தது. ஆனால் கடலில் இருந்து வருகிறவனுக்கு அலையின் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது என்றார் தேசப்பன். கிட்டே வந்த பிறகு திருப்பவும் முடியாதாம்.

"துணியை வீசிக் காட்டலாமா?"

"வேணாம் சார். பொணம் கெடச்சிடுச்சு, வாங்கன்னு நெனச்சிக்கினு இன்னும் வேகமா வருவானுங்க."

தேசப்பன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வடக்கே இறங்கினார். நடந்தார். இடுப்பு, மார்பு, கழுத்து. கையைத் தூக்கினார், உள்ளே போனார். பவானி படம் பிடித்தாள். அவர் எழுந்து வந்து கையை ஆட்டும் வரை பிடித்தாள். அவளுக்குத் தெரிந்த குழுக்களில் எல்லாம் அனுப்பினாள். ரேவதியும் அனுப்பினாள்.

பதில் வர ஆரம்பித்தது. கடலில் இருக்கிற வேறு படகுகளில் போன் இருந்தது. பார்க்கிறார்கள். எங்கள் நெஞ்சு குளிர்ந்தது. வாசித்துப் பார்த்தால் அப்படி இல்லை.

'பழைய வீடியோ போடாதீங்க.'

'செத்த மனுசன வச்சி வெளையாடறீங்களா, வெக்கமா இல்ல?'

'போன மழைக்கு எடுத்தது இது. நான் பார்த்திருக்கேன்.'

கூப்பிட்டால் லைன் நிற்கவில்லை என்று பவானி பேசி அனுப்பினாள். "நான் பவானி பேசறேன்டா, உசுரோட இருக்காருடா" என்று கத்தினாள். வெளியூர்ப் படகுக்காரர்களுக்கு அவள் குரல் எங்கே தெரியும்? ஒருத்தன் எழுதினான்: 'இது இன்னிக்கு எடுத்ததுனு இன்னா அத்தாட்சி?'

இதற்கிடையே என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. இன்ஸ்பெக்டர் ஐயா. எடுத்தேன்.

"ரிப்போர்ட் எங்கய்யா? பெரிய ஐயா லைன்ல இருக்காரு."

"ஐயா, மன்னிக்கணும். முழுசா நீக்கலாம்னு நான் எழுத மாட்டேன். நீக்கக் கூடாதுன்னுதான் எழுதப் போறேன்."

"என்னய்யா சொல்ற? ரிடையர் ஆகற நேரத்துல மெமோ வாங்கணுமா?"

எனக்கும் அந்த நினைப்பு இல்லாமல் இல்லை. இளைய மகளுக்கு அப்போதுதான் வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். "வந்து பேசறேங்கய்யா" என்று வைத்துவிட்டேன்.

நிமிர்ந்தால் பவானி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பியில் இருந்து பூட்ஸ் வரை பார்த்தாள்.

"சார், இவரு முழுவுற வீடியோ நூத்துக்கணக்குல இருக்குது. எது இன்னிக்கு எடுத்ததுனு யாருக்கும் தெரியாது. ஆனா போலீஸ்காரரு தண்ணில நின்னு யாரும் பார்த்ததில்ல சார்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"நீஞ்சத் தெரியுமா சார்?" என்று கேட்டார் தேசப்பன்.

"காட்டூர் கெணத்துல குதிச்சு வளர்ந்தவன் நான்."

"கெணத்துத் தண்ணி ஒரே எடத்துல நிக்கும் சார். இது இழுக்கும்."

"நீங்க விடுவீங்களா?"

"நான் வுட மாட்டேன் சார். நீங்க வுடாம இருங்க."

பூட்ஸைக் கழற்றினேன். ரேவதி, "சார், சார்" என்றாள். அவளிடம் போனையும் சட்டைப் பையில் இருந்த நீறுப் பொட்டலத்தையும் கொடுத்தேன். கொடுக்கும் முன் ஒரு சிட்டிகை எடுத்துப் பூசிக்கொண்டேன். முருகா, நான் யாருக்கும் பெரிதாக உதவினவன் இல்லை, இந்தப் பிள்ளைகளைக் கரை சேர்த்துவிடு என்று கும்பிட்டேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டத் தெரிந்தது.

காக்கிச் சட்டை, காக்கிப் பேன்ட், தலையில் தொப்பி. தேசப்பன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோதே கால் கீழே மண் ஓட ஆரம்பித்தது. யாரோ கம்பளத்தைக் காலடியில் இருந்து மெல்ல உருவுகிற மாதிரி. மார்புக்கு வந்தது. ஒரு கையால் என்னைப் பிடித்து அங்கே நிறுத்திவிட்டு அவர் ஒரு எட்டு எடுத்து வைத்தார். கையைத் தூக்கினார், உள்ளே போனார்.

அவர் போன வேகத்தில் என் காலும் வழுக்கியது.

தண்ணீருக்குள் ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தேன், பச்சையாக இருந்தது. கால் தேடியது, தரை இல்லை. பயத்தில் பிடியை விடப் பார்த்தேன். என் மணிக்கட்டில் இருந்த அந்தக் கை மட்டும் இடுக்கி மாதிரி இறுகியது. மேலே வந்தபோது நான் இருமிக்கொண்டிருந்தேன். தொப்பி மட்டும் தனியாக ஏரிப் பக்கம் மிதந்து போய்க்கொண்டிருந்தது. மணல்மேட்டில் இருந்து பவானி பழக்கதோஷத்தில் கத்தினாள்: "நல்லா முழுவுங்க சார்! சொட்டை தெரியுது!"

அப்புறம்தான் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கரையேறி வாந்தி எடுத்தேன். அதற்குள் அவர்கள் அனுப்பிவிட்டார்கள். தெற்கே தூரத்தில் படகுகளின் மூக்கு தெரிய ஆரம்பித்திருந்தது. வரிசையாக, நேராக, தெற்கு வழியைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. அலை தூக்கும்போது தெரியும், இறங்கும்போது மறையும். பவானி போனைப் பார்க்கவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரேவதிதான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு ஏதோ முணுமுணுத்தது. ஜெபம் என்று நினைக்கிறேன்.

முதல் படகு வெள்ளைத் தண்ணீரை நெருங்கிவிட்டது. தேசப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

போன் டிங் என்றது. ரேவதி சத்தமாக வாசித்தாள்.

"'யோவ், போலீஸ்காரரு இன்னாத்துக்குய்யா முழுவுறாரு?'"

மறுபடி டிங். "'காக்கிய பாருடா. இது இன்னிக்குதான்டா. வடக்கால காட்டறாங்கடா.'"

எந்தப் படகில் இருந்து யார் எழுதினார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தூரத்தில் ஒரு படகில் ஒரு ஆள் எழுந்து நின்று துண்டைச் சுற்றினான். பக்கத்துப் படகுக்குக் கத்தினான். ஒன்று மூக்கைத் திருப்பியது. இன்னொன்று திருப்பியது. முன்னால் போன முதல் படகு மட்டும் திரும்பவில்லை. அதன் மேல் ஒரு அலை ஏறி இறங்கியது. படகு சாய்ந்தது. பின்னால் வந்தவர்கள் போட்ட கூப்பாட்டில் அவன் எஞ்சினை முழுசாகத் திருகி, பக்கவாட்டில் வளைத்து, வடக்கே வந்து விழுந்தான்.

அந்த முதல் படகுதான் சேகருடையது. பிணம் தேடுகிற அவசரத்தில் முன்னால் வந்தவன். கரையை நெருங்குவதற்கு முன்பே தண்ணீரில் குதித்து ஓடி வந்தான். தேசப்பன் எழுந்து நின்றார். சேகர் அவரைக் கட்டிப்பிடிப்பான் என்று நினைத்தேன். பளார் என்று தோளில் ஒரு அடி வைத்தான்.

"ஏன் மாமா, செத்துட்டேன்னு சொல்லி பேஜாரு பண்றியா நீ?"

"நான் எங்கடா சொன்னேன்? ஊரு சொல்லுது" என்றார் அவர். பிறகு இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து அழுதார்கள்.

ஈரச் சட்டையோடு ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். ரிப்போர்ட்டை எழுதி நீட்டினேன். 'சம்பந்தப்பட்ட நபர் உயிருடன் உள்ளார். நேரில் பார்த்தேன். முழு வீடியோ நீக்கப்படக் கூடாது. வெட்டித் திரித்து வெளியிட்டவர் மீது நடவடிக்கை தேவை.' ஐயா இரண்டு முறை படித்தார். "டீ சொல்லவா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மெமோ வரவில்லை.

பவானியின் பக்கம் உடனே திறக்கவில்லை. குறை கேட்கும் அதிகாரி வரை போய், நாள்கள் கழித்துத்தான் திறந்தது. 'தவறுதலாக முடக்கப்பட்டது' என்று ஒரு வரி. அதுவரை தினமும் ரேவதியோ நானோ காக்கியோடு போய் மணல்மேட்டில் நின்று அன்றைய தேதியைச் சொல்லிக்கொண்டிருந்தோம், அவள் பக்கத்துக்குப் பதிலாக. வெட்டின வீடியோவில் சிலது போயிற்று, சிலது இன்னும் சுற்றுகிறது. சந்தையில் பவானியைப் பார்த்து, "இது அந்தப் பொம்பளைதானே?" என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அதை எந்த உத்தரவாலும் நீக்க முடியவில்லை.

இன்னும் ஒன்று நடந்தது. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

படகுகள் கரை சேர்ந்த மறுநாள் காலையில் ஸ்டேஷன் போன் அடித்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்து ஒரு பையன். குரலைக் கேட்டாலே சர்வீஸுக்குப் புதுசு என்று தெரிந்தது.

"ஐயா, உங்க எல்லையில ஒரு போலீஸ்காரர் தண்ணில முழுகற வீடியோ சுத்திட்டு இருக்குது. நிறைய புகார். ஆள் யாருன்னு பார்த்து, நீக்கறதுக்கு ரிப்போர்ட் கேட்கறாங்க."

"ஆள் உயிரோட இருக்காரு தம்பி. நீக்க வேணாம்."

மற்றவர்களாக இருந்தால் அதோடு போனை வைத்திருப்பார்கள். அவன் வைக்கவில்லை. கொஞ்சம் தயங்கினான். பெரியவரிடம் கேட்கலாமா கூடாதா என்கிற தயக்கம். ஆனாலும் கேட்டான்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உயிரோட இருக்காருன்னு நீங்க நேர்ல பார்த்தீங்களா?"

எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப் போயிற்று.